மென்பொருள் அமைத்தல்: சாஸ்திரமோ, கைத்தொழிலோ?

கணிப்பொறிக்குரிய மென்பொருளை அமைப்பது மாறா விதிகளால் நடைபெறும் சாஸ்திரமென்றும், அவ்விதிகளை நெட்டுருச் செய்தவன் அதில் வல்லவனாவான் என்றும் நம் மாணாக்கருட் பலர் எண்ணுகின்றனர். நாம் அங்ஙனம் கருதவில்லை. அது தச்சும் நெசவும் போன்ற கைத்தொழில். செய்து பார்த்துத் திருத்துந்தோறும் சிறப்பது.

சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பழையசீவரத்தினின்று பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்தரமேரூர். அங்கு வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சபை விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. மென்பொருளாவது, இன்ன நிலையில் இன்னது செய்க என்று ஐயமறப் படிப்படியாக வகுத்த விதித்தொகுதியன்றோ? அக்கல்வெட்டும் அத்தகையதே. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பிக்கும்படி அது விதித்தது. 919-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் இரண்டே ஆண்டுகளில், 921-இல், திருத்தப்பெற்றன. முன்னர் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை, பின்னர் 35 முதல் 70 வரை என்றாயிற்று. முதலில் வகுத்தோர் அறிவிலார் அல்லர். நடத்திப் பார்த்தாலன்றிப் புலப்படாதன சில உள என்பதே நாம் இதனாற் கொள்ளத்தக்கது.

1968-இல் ஜெர்மனி தேசத்துக் கார்மிஷ் நகரிற் கூடிய அறிஞர், மென்பொருளாக்கம் பொறியியலைப் போல் ஒழுங்குபெற வேண்டுமென்று ஆராய்ந்தனர். அவ்வாண்டிலேயே டொனால்டு கனூத் என்பார் தம் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டு, அதன் பெயரிலேயே இதனைக் கலையென்றார். 1974-இல் டூரிங் பரிசு பெற்றபொழுது அச்சொல்லையே தம் பேருரைக்குப் பொருளாக்கினார்.

கைத்தொழிலெனின் மனம்போனபடி செய்யலாமோ எனச் சிலர் வினவுவர். அன்று. காஞ்சி நெசவாளர் ஓரிழை தப்பினும் பொறார். கணக்குப் பிழையாமை தொழிலின் முதற்படி. யாருக்காக, எதனைச் செய்கின்றோம் என்று தேர்தலே அதன் முடி. உத்தரமேரூர் விதிகள் எத்துணை நுட்பமாயினும், நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கே இடந்தந்தன. உழுதவர் பெயர் குடத்துட் புகவில்லை. இன்றும், வயலில் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைப் பங்கீட்டுக் கடைக் கருவி அறியாதொழியின், மூதாட்டியொருத்தி அரிசியின்றி மீள நேரும். எழுதிய விதியின்படி கருவி சரியே. செய்த தொழிலோ பிழை.

ஆதலின் மாணவ நண்பர்காள்! பரீட்சைக்குரிய விதிகளோடு அமையாதீர். வல்லார் எழுதிய நிரல்களைப் படியுங்கள். நீங்கள் எழுதியதைப் பயன்படுத்துவோர் அருகிருந்து பாருங்கள். தயங்காது திருத்தி எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்களும் முதற்படிக்கு மட்டுமன்றி, திருத்திய இரண்டாம் படிக்கும் மதிப்பெண் வழங்குவாராயின், தேர்வில் வென்றாரோடு தொழிலில் தேர்ந்தாரையும் நம் கல்லூரி நாட்டுக்கு அளிக்கும்.