பழைய கணினியும் உலாவியின் கெடுவும்

குடியானவர்கள் பலருடைய இல்லங்களிலும், கிராம உத்தியோகஸ்தர்களின் சாவடிகளிலும், பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் வந்த கணினிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பட்டா, சிட்டா நகல் எடுக்கிறார்கள். பயிர் இன்ஷ்யூரன்ஸ் மனுக்களை அனுப்புகிறார்கள். பாங்கிக் கணக்கையும் பார்க்கிறார்கள். ஒரு நாள் உலாவியின் மேற்புறத்தில், இனிப் புதிய பதிப்பு இந்தக் கணினிக்குக் கிடையாது என்ற அறிவிப்புத் தோன்றுகிறது. சில மாதங்கள் கழித்து ஒரு பக்கம் பாதி திறந்து நிற்கிறது, மற்றொன்று திறப்பதேயில்லை. யந்திரம் கெட்டுவிட்டதென்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோனால், பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதே மேல் என்ற ஆலோசனை கிடைக்கிறது. இவ்வாலோசனை பெரும்பாலும் அவசரமானது. ஒரு போகத்தின் லாபத்தை விழுங்கக்கூடிய செலவை, காரணம் இன்னதென்று தெரியாமலே செய்வது தகாது.

கெட்டது யந்திரமன்று. யந்திரத்தை ஆட்டி வைக்கும் ஏற்பாட்டுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் என்பது அதில் ஒரு வகை. அதன்மேல் அமர்ந்து இணையப் பக்கங்களைக் காட்டுவது உலாவி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் என்பவை உலாவிகள். இயங்குதளத்தைச் செய்தவர்கள் அதைப் பராமரிப்பதை நிறுத்தினால், சிறிது காலத்தில் உலாவியைச் செய்பவர்களும் அதைக் கைவிடுகிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2014 ஏப்ரல் 8-ல் அதைக் கைவிட்டது. குரோம் 2016 ஏப்ரலில் விலகிக்கொண்டது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-க்கும் இதே கதிதான். பொதுப் பராமரிப்பு 2020 ஜனவரி 14-லும், கட்டணம் செலுத்தியவர்களுக்கான பராமரிப்பு 2023 ஜனவரி 10-லும் முடிந்தன. அடுத்த மாதம் 7-ந் தேதி வெளியான குரோம் 110 அதில் ஏற மறுத்தது. குரோமும் எட்ஜும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவையாதலால், எட்ஜும் 109-ஆம் பதிப்போடு நின்றது. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும், 2023 ஜூலையில் வந்த தன் 115-ஆம் பதிப்பை அப்பழைய கணினிகளுக்காகத் தனியே வைத்துக்கொண்டு, கெடுவை ஒரு முறைக்கு மேல் நீட்டித்தது. கைப்பேசிக்கும் விதிவிலக்கில்லை. 2025 ஆகஸ்டில் வந்த குரோம் 139, ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழ்ப்பட்டவற்றில் ஏறுவதில்லை.

புதிய கணினிகள் விற்க வேண்டுமென்றே கம்பெனிகள் இவ்விதம் செய்கின்றன என்று கூறுவோர் உண்டு. இதில் பாதிதான் உண்மை. உலாவியை இலவசமாகக் கொடுப்பவர்கள் கணினி விற்பனையை நம்பிப் பிழைப்பவர்களல்லர். அவர்கள் நிலையை நெல் சாகுபடி செய்வோர் எளிதில் அறிந்துகொள்ளலாம். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-ல் ஐ.ஆர். 26 என்ற ரகத்தை வெளியிட்டது. அது புகையான் பூச்சியைத் தாங்கும் ரகம். இரண்டு மூன்று வருஷங்களுக்குள் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேஷியாவிலும் அதையும் தின்னத் தெரிந்த புகையான் தோன்றிவிட்டது. விதை மாறவில்லை, பூச்சி மாறிற்று. பழைய உலாவியின் நிலை இதுவே. அது நேற்றுப்போலவே இன்றும் இருக்கிறது. அதன் ஓட்டைகளைத் தேடும் திருடர்கள்தாம் தினமும் புதியன கற்கிறார்கள். புதிய பதிப்பு என்பது பெரும்பாலும் அவ்வோட்டைகளை அடைப்பதேயன்றி அலங்காரமன்று. அடிக்குடியிருக்கும் இயங்குதளத்திலேயே ஓட்டை அடைபடாதிருக்க, உலாவியில் மட்டும் அடைத்துப் பயன் சிறிதே.

ஆகவே, "இன்னும் திறக்கிறதே, போதும்" என்று இருந்துவிடுவோரின் போக்கு, உடனே புதியது வாங்குவோரின் போக்கைவிட அபாயமானது. செலவாளி பணத்தை ஒருமுறை இழக்கிறார். மற்றவரோ பாங்கிக் கணக்கின் இரகசியச் சொல்லையே இழக்கக்கூடும். பராமரிப்பு நின்ற உலாவியில் பணவிவகாரம், ஆதார் விவகாரம் எதையும் நடத்தலாகாது. புதிய உலாவியைப் பழைய விண்டோஸில் ஏற்றித் தருவதாக முன்பின் அறியாத பக்கங்களில் கிடைக்கும் சரக்கையும் தொடலாகாது. விதைச் சான்று அட்டையில்லாத மூட்டையைச் சந்தையில் வாங்கத் தயங்குபவர், இதில் மட்டும் தயங்காதிருப்பது விந்தையே.

வேறொரு சிறு விஷயம். பக்கம் திறக்கவில்லையென்றால் முதலில் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். பழைய கணினிகளினுள் இருக்கும் நாணயம் போன்ற சிறு பாட்டரி தீர்ந்துபோனால், தேதி பல வருஷங்கள் பின்னுக்குப் போய்விடும். ஒவ்வொரு பக்கமும் தான் உண்மையானதென்று காட்ட ஒரு சான்று வைத்திருக்கிறது. அச்சான்றுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி தவறினால் நல்ல சான்றும் செல்லாததாகத் தோன்றும். பாட்டரி மாற்றும் அற்பச் செலவில் தீரும் இக்குறைக்காகக் கணினியையே மாற்றுவது, வாய்மடை அடைத்ததற்குப் புதுக் கிணறு வெட்டுவதை ஒக்கும்.

தேதி சரியாயிருந்து, கெடுதான் காரணமென்று தெரிந்தால், யந்திரத்தை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மாற்றுவதே உசிதம். லினக்ஸ் என்னும் இயங்குதளம் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் பராமரிப்புள்ள உலாவி ஏறும். இது ஊருக்குப் புதியதுமன்று. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் ஆரம்பத் தவணையில் வந்தவை, விண்டோஸ் 7-ஐயும், மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் தயாரித்த பாஸ் என்ற லினக்ஸையும் சேர்த்தே கொண்டிருந்தன. அநேகர் அதைத் திறந்தும் பாராமல் விட்டது வருந்தத்தக்கது. இப்பொழுது ஏற்றுவோர் அக்காலத்துப் பதிப்பை விட்டு, பராமரிப்பு நடந்துவரும் பதிப்பையே ஏற்ற வேண்டும். யந்திரம் 64 பிட் வகையைச் சேர்ந்ததா என்று முன்னதாக விசாரிப்பது அவசியம். 32 பிட் யந்திரங்களை லினக்ஸ்காரர்களும் ஒவ்வொருவராகக் கைவிட்டு வருகிறார்கள். நினைவகம் 2 ஜி.பி.யாயிருந்தால் 4 ஆக்குவது நலம். கைரேகைக் கருவியோ கையொப்பச் சாவியோ கொண்டு வேலை செய்யும் உத்தியோகஸ்தர்கள், அக்கருவிகள் லினக்ஸில் இயங்குமா என்று கேட்டறியாமல் கைவைக்கலாகாது. பல கருவிகள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை.

இவ்வளவும் குடியானவர் தலையிலேயே சுமத்தப்படுவது நியாயமா என்பதையும் கேட்டாக வேண்டும். கம்பெனிகள் கெடுவைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்லுகின்றன. குடியானவர்க்காகப் பக்கம் நடத்தும் அலுவலகங்கள் அதை உரியவர்க்குச் சொல்லுவதில்லை. மனுவின் கடைசி நாளன்று, மழைக்கு நடுவே, பக்கம் திறக்கவில்லையென்று தாலுகா ஆபீஸுக்கு ஓடுபவர் இழப்பது ஒரு நாள் கூலியை மட்டுமன்று. அவ்வருஷத்து இன்ஷ்யூரன்ஸையே இழக்கலாம். பயிர் மனுவும் நில ஆவணமும் காட்டும் பக்கத்துக்கு ஓடும் படங்களும் மினுக்கும் எழுத்துக்களும் வேண்டியதில்லை. எளிய பக்கம் பழைய உலாவியிலும் திறக்கும். சமிக்ஞை குறைந்த கிராமத்திலும் திறக்கும். இன்ன உலாவியில் இன்ன பதிப்புக்கு மேல் வேண்டும் என்பதை, மனுக்காலம் தொடங்குமுன் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடுவதற்கு ஒரு சாக்குக்கட்டி போதும். மாற்று வழியாகக் காகித மனுவைக் கடைசி நாள் வரை பெற்றுக்கொள்வதும் அலுவலகங்களின் கடமையே.

விண்டோஸ் 10 வைத்திருப்போர் சிறிது நிதானிக்கலாம். அதன் பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆயினும் அதில் எட்ஜ் உலாவியைக் குறைந்தது 2028 அக்டோபர் வரை புதுப்பித்துத் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. கம்பெனிகளைப் பற்றிய குறை இங்கேதான் பொருந்தும். நன்றாக ஓடும் யந்திரங்கள் பலவற்றில், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லையென்றும், ப்ராசஸர் பழையதென்றும் சொல்லி, விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. இவற்றின் சொந்தக்காரர்கள் எட்ஜுக்குக் கிடைத்த தவணையை நம்பி அடித்தளத்தை மறந்துவிடாமல், அறுவடை முடிந்து கை ஓய்ந்த மாதமொன்றில் மாற்றத்தைச் செய்துகொள்வது நலம்.

எந்த மாற்றமாயினும், இயங்குதளத்தை ஏற்றுமுன் கோப்புகள் அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றில் நகல் எடுத்தாக வேண்டும். ஏற்றும்போது பழையவை அழிந்துபோகும். சாவடிக் கணினிகளில் வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கடிதங்களும் பதிவேடுகளும் ஏராளம். தமிழ்நாட்டு சர்க்கார் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டும், அவை மாற்றப்படாமலே கிடக்கின்றன. கோப்புகளோடு அவ்வெழுத்துருக்களையும் சேர்த்து நகல் எடுக்காவிட்டால், புதிய இயங்குதளத்தில் அப்பதிவேடுகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும்.