எட்டுப் பேர் இருக்க ஒருவர் மட்டும் எண்ணுவதா?



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். புள்ளியியலில் ஆராய்ச்சி செய்கிறான். "தரவு ரொம்பப் பெரிசு டீச்சர். ஒரு தடவை கணக்குப் போட ஆறு மணி நேரம் ஆகுது. தவணையில புது லேப்டாப் வாங்கப் போறேன்" என்றான்.

பழைய லேப்டாப்பைத் திறந்து காட்டினான். உள்ளே எட்டு கோர்கள். ஓடியது ஒன்றுதான். "மற்ற ஏழும் என்னப்பா செய்யுது?" என்றேன். "நாம சொன்னாத்தான் செய்யும் டீச்சர்" என்று சிரித்தான்.

அவன் பயன்படுத்துவது ஆர் என்ற மொழி. அது பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுமாம். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் 'பேரலல்' என்ற தொகுப்பு 2011 முதல் அதனுடனேயே இலவசமாக வருகிறது. அதைத் தொடாமல் கடன் வாங்கப் போவது சரியா?

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தெருத் தெருவாகப் போனவள் நான். நாடு முழுக்க ஏறக்குறைய 27 லட்சம் பேர் போனோம். ஆளுக்கு ஒரு பகுதி. ஒரு வீடும் விடுபடக் கூடாது, இருமுறையும் வரக் கூடாது. அப்படித்தான் 121 கோடிப் பேரை எண்ண முடிந்தது. கோர்களுக்கும் இதே முறைதான்.

ஆனால் பிரிப்பதைவிடச் சேர்ப்பதில்தான் கவனம் வேண்டும். அ பிரிவில் 40 பேர், சராசரி 60 மதிப்பெண். ஆ பிரிவில் 10 பேர், சராசரி 90. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 75 வரும். அது தவறு. மொத்தம் 3300, பேர் 50, சரியான விடை 66. ஆகவே ஒவ்வொரு கோரும் சராசரியைத் தரக் கூடாது. கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தர வேண்டும். வேகமாக வந்த தவறான விடையால் யாருக்கு லாபம்?

இன்னொன்று. எட்டு கோர் என்றால் எட்டு மடங்கு வேகம் வராது. பத்து மணி நேர வேலையில் ஒரு மணி நேரம் பிரிக்கவே முடியாதது என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் அந்த ஒரு மணி நேரம் குறையாது. 1967-இல் ஜீன் ஆம்டால் சொன்ன கருத்து இது. நினைவகமும் பார்க்க வேண்டும். விண்டோஸில் ஒவ்வொரு கோருக்கும் தரவின் தனிப் பிரதி போகும். 3 ஜிபி தரவை எட்டுக்கும் கொடுத்தால் 24 ஜிபி. அவனிடம் இருப்பதோ 16. அதனால் நான்கு கோருக்கு மட்டும் பிரித்தான். மறுநாள் போன் செய்தான்: "இரண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிருச்சு டீச்சர்!"

முதலில் சிறிய தரவில் ஒரே கோரில் விடை கண்டு, பிறகு பிரித்துச் செய்து இரண்டும் ஒன்றா என்று சரிபாருங்கள். வகுப்பில் சொன்னதுதான்: போட்ட கணக்கைச் சரிபார்க்காமல் நோட்டை மூடாதீர்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் புதுசு வாங்கலாம்.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள், நான் தவறாகச் சொல்லியிருந்தால் கீழே திருத்துங்கள். இன்று மதிப்பெண் போடுவது உங்கள் முறை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்