பிரிவினை, பிரிப்பு, பிரிவு: திருமலையில் ஒரு சொல் படும் பாடு

'செப்பரேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்னவென்று யாராவது கேட்டால், அதைச் சொல்வது யார் என்று திருப்பிக் கேட்க வேண்டும். தமிழரின் கோரிக்கையைப் பற்றிக் கொழும்பு பேசினால் அது பிரிவினை. மாகாணங்களைப் பற்றியென்றால் பிரிப்பு. அரசியலமைப்புப் பாடத்தில் வலுவேறாக்கம். வீட்டுக்குள் வெறும் பிரிவு. ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதைத் தமிழ் தனித்தனியாக வைத்திருக்கிறது. திருகோணமலை மாவட்டத்து மக்கள் இந்த எல்லா அர்த்தங்களையும் அனுபவித்துவிட்டார்கள். ஆனால் குற்றமாக்கப்பட்டது ஒன்று மட்டுமே.

கறுப்பு யூலையின் சாம்பல் ஆறுமுன்பே, 1983 ஓகஸ்ட் 8இல் ஆறாம் திருத்தச்சட்டம் வந்தது. நாட்டுக்குள்ளோ வெளியிலோ தனிநாட்டை ஆதரிப்பதும் ஊக்குவிப்பதும் அதற்குப் பணம் கொடுப்பதும் குற்றமாயின. சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற ஆசனங்களை இழந்தனர். திருமலையின் இரா. சம்பந்தனும் அவர்களில் ஒருவர். அதன்பின் சமஷ்டி என்று வாய் திறந்தாலே பிரிவினை என்றார்கள். சமஷ்டி கேட்பது தனிநாடு கேட்பதாகாது என்று தமிழரசுக் கட்சி தொடர்பான வழக்கில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017 ஓகஸ்டில்தான். ஒரு சொல்லுக்கு எல்லை போட 34 வருடங்கள்.

அதே நீதிமன்றம் இன்னொரு பிரிப்பைச் செய்ய அவ்வளவு காலம் எடுக்கவில்லை. இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்படி 1988 செப்ரெம்பரில் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. திருமலை அதன் தலைநகரானது. கிழக்கு மக்களிடம் கருத்துக்கணிப்பு நடத்துவதாக ஒப்பந்தம் சொன்னது. அது வருடாவருடம் ஒத்திவைக்கப்பட்டது, நடக்கவேயில்லை. 2006 ஒக்ரோபர் 16இல், இணைப்பே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆயுதக் கையளிப்பு முடிந்திருக்க வேண்டும் என்ற சட்ட நிபந்தனையை ஜெயவர்த்தன அவசரகால விதிகளால் மாற்றியது தவறு என்பதே காரணம். சட்டத்தில் அந்தக் குறை இருந்ததென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறையை விட்டவர் ஜனாதிபதி. விலை கொடுத்தவர் மக்கள். 2007 ஜனவரி 1 முதல் இரண்டு மாகாணங்கள். இதை யாரும் பிரிவினை என்று சொல்லவில்லை.

நிலத்தில் அது ஏற்கெனவே நடந்திருந்தது. மாவட்டத்தின் வடகோடியில், முல்லைத்தீவைத் தொட்டபடி இருக்கிறது தென்னமரவடி. 1984 டிசெம்பரில் அந்த ஊர் வெறுமையானது. அதே காலத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ச் சனமும் விரட்டப்பட்டது. மணலாறு 1988இல் 'வெலிஓயா' ஆனது. வடக்கையும் கிழக்கையும் கோர்த்திருந்த முடிச்சு அங்கேதான் அவிழ்க்கப்பட்டது. தெற்கே, 1976 எல்லை நிர்ணயத்தில் சேருவில என்ற தனித் தொகுதி உருவாக்கப்பட்டது. நீதிமன்றத் தீர்ப்பு காகிதத்தில் எழுதியதைக் குடியேற்றம் மண்ணில் முன்பே எழுதிவிட்டது.

இங்கே நாமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகத்துக்கும் அரைவாசி இல்லை. முஸ்லிம்களே ஆகப் பெரிய தொகையினர். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு ஓடியதும் பிரிவுதான். இணைப்பைக் கேட்கும் நாம் அவர்களிடம் பேசாமல் கேட்டால், நாளை கருத்துக்கணிப்பு நடந்தாலும் நாம் தோற்போம். இப்போது கேட்பதற்கும் சபை இல்லை. கிழக்கு மாகாணசபையின் காலம் 2017 செப்ரெம்பரில் முடிந்தது, ஆளுநர்களே ஆள்கிறார்கள்.

சம்பூர்க் கதை எல்லாருக்கும் தெரியும். 2006 ஏப்ரலில் குண்டு விழுந்தது, செப்ரெம்பரில் படையினர் பிடித்தனர். அடுத்த வருடம் உயர் பாதுகாப்பு வலயம். பிறகு கைத்தொழிலுக்கென்று 818 ஏக்கர். கடற்படை வைத்திருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில்தான் விடுபட்டது. வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்கள் என்று பத்து வருடம் அலைந்த பிள்ளை, திரும்பி வரும்போது சொந்த ஊரின் ஒழுங்கைகள் தெரியாத இளைஞனாகியிருந்தான்.

துறைமுகத்தின் மறுகரை வேறு. 2008 - 2009இல் கொழும்பிலும் அதன் அயலிலும் கடத்தப்பட்ட 11 பேர் திருமலைக் கடற்படைத் தளத்துக்குள் தடுத்து வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையாளர்கள் நீதிமன்றத்தில் கூறினர். அந்தப் பிள்ளைகளை இன்றுவரை தாய்மார் காணவில்லை.

கணவன் காணாமலாக்கப்பட்ட பெண் ஒரு படிவத்தை நிரப்பும்போது இந்தச் சொல் மறுபடி வருகிறது. திருமணமானவர், விதவை, விவாகரத்தானவர், பிரிந்து வாழ்பவர். விதவை என்று போட்டால் அவர் செத்துவிட்டார் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். திருமணமானவர் என்று போட்டால், கணவரின் கையெழுத்து எங்கே என்பார்கள். 2016இன் சட்டத்திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு வழி செய்தது. அதை வாங்கினால் தேடலை விட்டதாகிவிடுமோ என்று பலர் வாங்கவில்லை. கடைசியில் 'பிரிந்து வாழ்பவர்' என்ற கட்டத்தில் புள்ளடி விழுகிறது. சண்டை பிடித்து ஒருவரை ஒருவர் விட்டுப் போனவர்களுக்கான கட்டம் அது.