பிழைத்தவர் பேசட்டும்

உழைப்பாளி ஜனங்களுக்கு வலித்தால்தான் வியாதி. காய்ச்சலில் படுத்துவிட்டால் ஒரு நாள் கூலியை விடுவோம். வலிக்காத ஒன்றுக்காக யார் விடுவார்கள்? மார்பகப் புற்றுநோய் இந்த இடத்தில்தான் நம் பெண்களை ஏமாற்றுகிறது. ஆரம்பத்தில் தோன்றும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. நடவு வயலிலும் பஞ்சாலையிலும் நிற்கிற பெண் அதைத் தொட்டுணர்கிறாள், சொல்ல வெட்கப்படுகிறாள், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வியாதி முற்றியிருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் இதற்குத்தான்.

டாக்டரின் உபதேசம் மட்டும் இந்த மௌனத்தை உடைத்துவிடாது. நோய் வந்து பிழைத்த பெண் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கு என்ன பலம் என்பதற்குச் சரித்திரத்தில் சான்று உண்டு.

1974 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு இந்த நோய் கண்டு, ஒரு மார்பகத்தை எடுத்தார்கள். அன்று அந்த நாட்டிலும் இதன் பெயரைச் சொல்லக் கூசினார்கள். அவர் மறைக்கவில்லை. செய்தி பரவியதும் பெண்கள் திரள் திரளாகப் பரிசோதனைக்குப் போனார்கள். துணை ஜனாதிபதி பதவிக்கு நியமிக்கப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவி, தன்னைத் தானே சோதித்துக் கட்டியைக் கண்டார். அடுத்த மாதமே அவருக்கும் ஆபரேஷன் நடந்தது. பெட்டி ஃபோர்டு 2011 வரை, 93 வயது வரை வாழ்ந்தார்.

அதே 1974ல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளருக்கும் கட்டி கண்டது. மயக்க மருந்து கொடுத்துக் கட்டியைச் சோதிப்பது, புற்று என்றால் அந்த மயக்கத்திலேயே மார்பகத்தை எடுத்துவிடுவது என்பதே அன்றைய வழக்கம். விழித்த பிறகுதான் பெண்ணுக்கு விஷயம் தெரியும். குஷ்னர் இதற்கு இணங்க மறுத்தார். முதலில் சோதனை, பிறகு என்னைக் கேட்டு சிகிச்சை என்றார். தம் அனுபவத்தை 1975ல் புத்தகமாக எழுதினார். 1979ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழுவில் அவரும் இடம் பெற்றார். சோதனையையும் ஆபரேஷனையும் தனித்தனியே நடத்த வேண்டும் என்று அந்தக் குழு கூறியது. ஒரு நோயாளியின் அனுபவம் வைத்திய முறையையே மாற்ற உதவியது.

நம் ஆலைகளிலும் சேரிகளிலும் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். பேசுவதில்லை. தொற்றிக்கொள்ளும் என்பார்கள், மகளுக்கு வரன் அமையாது என்ற பயம். இது தொற்று வியாதி அல்ல. கட்டியெல்லாம் புற்றும் அல்ல. ஆனால் எது புற்று என்பதைச் சோதனைதான் சொல்லும். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக் கசிவு, இவற்றில் எது கண்டாலும் தாமதிக்கக் கூடாது. 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசப் பரிசோதனை உண்டு.

ஜனாதிபதி மனைவிக்குக் கூலி போவதில்லை. நம் பெண்ணுக்குப் போகும். இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்து சந்தா கட்டிய ஆலைத் தொழிலாளிக்கு, இந்த நோய்க்காக இ.எஸ்.ஐ.யில் 80 சதவீதச் சம்பளம் 2 ஆண்டுகள் வரை பெற வழி உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? விவசாயத் தொழிலாளிக்கோ சர்க்கார் காப்பீடு சிகிச்சைச் செலவைத்தான் தரும். இழந்த கூலியைத் தராது. அந்தக் கூலிக்கும் வழி செய்யும்படி சர்க்காரைக் கேட்பது நியாயமே.

சங்கங்கள் செய்ய வேண்டியது இதுதான். பிழைத்த சகோதரி சம்மதித்தால் அவரை மேடைக்கு அழைக்க வேண்டும். பரிசோதனைக்குச் சம்பளத்துடன் அரை நாள் லீவு கேட்க வேண்டும். அவர் பேசும்போது ஆண்கள் எழுந்து போகக் கூடாது. வீட்டில் மனைவியின் தயக்கத்தைப் போக்க வேண்டியவர்கள் அவர்களே. அடுத்த மாதக் கூட்டத்தின் அஜெண்டாவில் இதைச் சேருங்கள்.