ஒரே உரம், இரண்டு மண்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறை. இடுக்கியின் தமிழக எல்லையில் வட்டவடை. இரண்டு ஊர்களிலும் தமிழ் புழங்குகிறது. மண்தான் வேறு பாஷை பேசுகிறது.

சித்தூர் தாலுகாவின் கிழக்கே காரத்தன்மை கொண்ட, சுண்ணாம்பு மிகுந்த கரிசல் நிலங்கள். மூணாறு, வட்டவடை மலைமண்ணோ அமிலத்தன்மை கொண்டது. இரண்டுக்கும் ஒரே மூட்டை உரம் போட்டால் பலன் ஒன்றாக இராது. பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கிறது. மணிச்சத்து அதனுடன் பிணைந்து செடிக்கு எட்டாமல் போகிறது. 8-ஐத் தாண்டினால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயனில்லை. தளிர் வெளிறுகிறது.

மலையில் மருந்து டோலமைட். புளிப்பைக் குறைத்து, கால்சியத்துடன் மக்னீசியத்தையும் தருகிறது. கேரளம் முழுவதும் 2010-களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மண் மாதிரிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் மக்னீசியமும் போரானும் பற்றாக்குறை என்று தெரிந்தது. ஆனால் அளவு மீறக் கூடாது. ஸ்ட்ராபெரிக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு மிஞ்சினால் இருக்கிற போரானும் முடங்கும். சுண்ணாம்பு போட்ட கையோடு ரசாயன உரமும் போடக் கூடாது. இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். கரிசலில் சுண்ணாம்புக்கு வேலையே இல்லை. அங்கே மட்கிய தொழு உரமும் கீலேட் வடிவ இரும்பும்தான் கைகொடுக்கும்.

பசுமைக்குடிலுக்குள் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. மழை படாததால் சொட்டுநீரோடு போகும் உரத்தின் மிச்சம் மேல்மண்ணில் உப்பாகத் தங்குகிறது. ஸ்ட்ராபெரி உப்பைத் தாங்காத பயிர். மட்காத கோழி எருவைக் கொட்டினால் நிலைமை மோசமாகும். பழம் இனிக்கட்டும் என்று சாம்பல்சத்தை அள்ளிவிட்டால், மக்னீசியமும் கால்சியமும் வேருக்குள் நுழைய இடமின்றித் தவிக்கும். காற்றோட்டம் குறைந்து ஈரம் தேங்கினாலும் ஆபத்துதான். இலை நீரை ஆவியாக்கினால்தான் கால்சியம் மேலே ஏறும். அது நின்றால், மண்ணில் சத்து குவிந்திருந்தும் தளிர் நுனி கருகும்.

குடில் அமைக்க அரசு மானியம் தருகிறது. மீதிப் பணம் விவசாயியுடையது, பெரும்பாலும் கடன். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் மண் பரிசோதனைக்கு ஆவது அற்பம். கம்பி நடுவதற்கு முன் ஒரு கைப்பிடி மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது, பிறகு மூட்டை மூட்டையாக உரம் வாங்குவதைவிட மலிவு.