போல்டன் வியாபாரிகள் கொடுத்த வாக்கு

நூற்பாலையின் வரலாறு என்றால் ஆர்க்ரைட்டின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். முடிதிருத்தும் தொழிலிலிருந்து வந்தவர். 1769ல் காப்புரிமை பெற்றார். காலுறை வியாபாரிகள் இருவர் முதல் போட, 1771ல் இங்கிலாந்தின் கிராம்ஃபோர்டு ஊரில் நீர் விசையில் ஓடும் ஆலையைத் தொடங்கினார். 1786ல் 'சர்' பட்டமும் கிடைத்தது. நாம் எழுத வந்தது பட்டம் பெறாத இன்னொருவரைப் பற்றி.

போல்டன் ஊர் சாமுவேல் கிராம்ப்டன், சிறுவயதில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி இயந்திரத்தில் நூற்றவர். அடிக்கடி இழை அறுந்ததில் சலித்துப்போய், ஐந்தாண்டு பாடுபட்டு 1779ல் புது இயந்திரம் செய்தார். நாடகக் கொட்டகையில் பிடில் வாசித்த காசும் இதற்கே போயிற்று. ஆர்க்ரைட்டின் உருளைகளையும் ஜென்னியின் முறையையும் சேர்த்ததால் அதற்குக் கோவேறு கழுதை என்று பொருள்படும் 'மியூல்' என்ற பெயர் வந்தது. நம் நாட்டு மஸ்லின் போன்ற துணிக்கு வேண்டிய மெல்லிய நூல் அதில் இறங்கியது. ஊரார் ஏணி வைத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்களாம்!

காப்புரிமை வாங்க அவரிடம் பணமில்லை. "இயந்திரத்தை எல்லோருக்கும் காட்டுங்கள், ஆளுக்கு இவ்வளவு தருகிறோம்" என்று வியாபாரிகளும் உற்பத்தியாளர்களுமாக எண்பதுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவர் காட்டினார். கைக்கு வந்தது சுமார் 60 பவுண்டு. கையெழுத்திட்ட சிலர், பணம் கேட்டபோது அவரையே ஏசினார்கள். அந்தப் பத்திரத்தைக் கொண்டு வழக்காட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

1811ல் அவரே ஊர் ஊராய்ப் போய்க் கணக்கெடுத்தபோது, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மியூல் கதிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மறு ஆண்டு பார்லிமெண்ட் 5,000 பவுண்டு கொடுத்தது. அதுவும் பிற்பாடு தொழிலில் கரைந்தது.

"காப்புரிமை வாங்காதது அவர் தவறு, வியாபாரம் அப்படித்தான்" என்று நம்மிலும் சிலர் சொல்லக்கூடும். நாம் இதை ஏற்க மாட்டோம். மண்டியில் வத்தலும் பருப்பும் வாயால் பேசிய விலைக்குத்தானே லாரி ஏறுகின்றன? எந்தப் பத்திரம் எழுதினோம்? விலை இறங்கியதும் "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்று கைவிரிப்பவரும் போல்டன்காரரும் ஒன்றே. பாதிக்கப்படுவது பெரும்பாலும் சிறு கடைக்காரர். கோர்ட்டுக்குப் போக அவருக்கு ஏது நேரம், ஏது பணம்? இப்படிப்பட்ட புகார்களைச் செயற்குழு நேரில் விசாரிக்க வேண்டும். வாக்கு மாறியவர் பெரிய புள்ளி என்றாலும் அழைத்துக் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதை வைக்கப் போகிறோம். உறுப்பினர்கள் தவறாமல் வரவும்.