சுவரும் சொல்லும்

அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாகுக்குள் இட்டுச்செல்லும் சந்து மிகக் குறுகியது. 1919 ஏப்ரல் 13 அன்று டயரின் கவச வண்டிகள் அதனுள் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றன. நுழைந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று ஹண்டர் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். சுடப்பட்டவை 1,650 தோட்டாக்கள். அச்சந்தின் வெற்றுச் செங்கற்சுவர் இதற்கெல்லாம் நேர்ச்சான்றாக நின்றது.

2021இல் வளாகம் புதுப்பிக்கப்பட்டபோது அச்சுவர்களில் சிரித்த முகங்களுடன் புடைப்புச் சிற்பங்கள் எழுந்தன. பைசாகி நாளில் மகிழ்ச்சியோடு வந்தவர்களைக் காட்டுவதே நோக்கம் என்பர். நோக்கம் பிழையன்று. ஆயினும் இது மூலபாடத்தை நீக்கிவிட்டு உரையை மட்டும் பதிப்பிக்கும் செயல். சுவடி பதிப்போர் எவரும் இதற்கு உடன்படார்.

பெயரிடலிலும் இச்சிக்கல் உண்டு. அது 2021க்கு மிக முந்தையது. இறந்தோர் அனைவரும் 'தியாகிகள்' ஆயினர். மக்கள் குதித்து மாண்ட கிணறும் 'தியாகிகள் கிணறு' ஆயிற்று. ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களுக்கு அப்பெயர் பொருந்தும். திருவிழாவுக்கு வந்து இளைப்பாற அமர்ந்தவருக்கும் சிறுவருக்கும் எவ்வாறு பொருந்தும்? அவர்கள் உயிரைக் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து அது பறிக்கப்பட்டது. 'உயிர் ஈந்தனர்' என்னும் வாக்கியத்தில் இறந்தவரே எழுவாய். சுட்டவனுக்கு அங்கு இடமில்லை. 'கொல்லப்பட்டனர்' என்றால், யாரால் என்ற வினாவேனும் எஞ்சும்.

மாண்டோர் தொகை அரசுக் கணக்கில் 379, காங்கிரஸ் குழுவின் மதிப்பீட்டில் ஏறத்தாழ 1,000. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ளோர் எந்தச் சிற்பத்திலும் இல்லை.